கதவைத் தட்டுவது யார்? பெருந்தொற்றில் நாடுகளை ஒப்பிட ஒரு தொடக்கம்

2020 மார்ச் நடுவில் லண்டனில் இருக்கும் சின்னம்மாவுக்குக் காய்ச்சல், வறட்டு இருமல். "டெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டால், "இல்லைப் பிள்ளை, ஏழு நாள் வீட்டிலேயே கிடக்கட்டாம். மூச்சு விடக் கஷ்டமெண்டா மட்டும் 111க்குப் போன் அடிக்கச் சொல்லுறாங்கள்" என்றார். அதே வாரம் கொழும்பில் நடந்தது நேரெதிர். இங்கே தொற்று உறுதியானவர், ஒரு தும்மல்கூட இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றப்பட்டார். அவரோடு பழகியவர்களைத் தேடிச் சுகாதாரப் பிரிவினர் வீடு வீடாகப் போனார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைக் கந்தக்காட்டிலும் புனானையிலும் இருந்த தனிமைப்படுத்தல் முகாம்களுக்குப் பஸ்ஸில் ஏற்றினார்கள். போனை வைத்த அம்மா கேட்டார்: "அவ்வளவு பெரிய நாட்டில ஏன் ஒருத்தரும் வந்து பார்க்கேல்லை?"

நாடுகளின் சுகாதார அமைப்புகளை ஒப்பிட விரும்பும் எவரும் தொடங்க வேண்டிய இடம் அம்மாவின் இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். பொதுவாக நாம் ஒப்பிடுவது வேறு விதமாக இருக்கும். அங்கே ஆஸ்பத்திரி பளபளவென்று இருக்கிறது, இங்கே கட்டிலுக்குக் கீழேயும் நோயாளி படுக்கிறார், ஆகவே அந்த நாடு நல்லது, இந்த நாடு மோசம். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இந்தக் கணக்கு ஏன் பிழையாகிப்போனது என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் காசு விஷயம். நோய் வந்தால் செலவை யார் பார்ப்பது? இலங்கையிலும் பிரித்தானியாவிலும் அரசாங்கம், வரிப்பணத்திலிருந்து. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948 ஜூலை 5ஆம் திகதி தொடங்கியது. நமது இலவச மருத்துவமும் அதே காலத்துப் பிள்ளைதான். தனியார் டிஸ்பென்சரிக்கும், விசேட வைத்தியரைக் காட்டும் சனலிங் சென்டருக்கும் நாம் நிறையச் செலவழித்தாலும், படுக்கையில் கிடக்க வேண்டிய வருத்தமென்று வந்தால் நம்மில் மிகப் பெரும்பாலானோர் போய் நிற்பது அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில்தான்.

ஜேர்மனியில் வேறு முறை. 1883இல் பிஸ்மார்க் காலத்தில் வந்த சட்டத்தின் வழியே, வேலை செய்பவரும் வேலை கொடுப்பவரும் சேர்ந்து ஒரு காப்புறுதி நிதிக்குக் கட்டுகிறார்கள். ஆஸ்பத்திரி யாருடையதாகவும் இருக்கலாம், பில்லை அந்த நிதி கட்டும். தென்கொரியாவும் தைவானும் காப்புறுதி முறைதான், ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே நிதி. அமெரிக்காவில் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்டு. வயதானவர்களுக்கு அரசாங்கக் காப்புறுதி, வறியவர்களுக்கு இன்னொன்று, ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வேலைத்தலத்தோடு ஒட்டிய காப்புறுதி. பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டில் இவற்றில் எதுவுமே இல்லாதவர்கள் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல்.

சரி, இந்த முறைகளில் எது பெருந்தொற்றை நன்றாகச் சமாளித்தது? இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்காது. வரி முறையில் இயங்கும் நியூசிலாந்து 2020இல் தொற்றையே இல்லாமல் ஆக்கியது. அதே வரி முறைப் பிரித்தானியா பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. காப்புறுதி முறைத் தைவான் முதல் ஆண்டில் மிக நன்றாக நின்றது. காப்புறுதி முறை நாடுகள் பலவற்றால் அப்படி நிற்க முடியவில்லை. 2019 ஒக்டோபரில், அதாவது நோய் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, உலகளாவிய சுகாதாரப் பாதுகாப்புச் சுட்டி என்ற தரவரிசை 195 நாடுகளை அடுக்கியது. நோய்ப் பரவலுக்கு மிக ஆயத்தமான நாடு அமெரிக்கா, இரண்டாவது பிரித்தானியா என்றது அது. ஆய்வுகூடங்கள், நிபுணர்கள், சட்டங்கள், திட்டங்கள் எல்லாம் அங்கே உண்மையாகவே இருந்தன. இருந்தும் சின்னம்மாவின் கதவை யாரும் தட்டவில்லை.

ஏன் என்று புரிய, ஒரு சுகாதார அமைப்பு செய்யும் இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் கொழும்பில் வெள்ளம் வந்தால், வீட்டுக்குள் வந்த தண்ணீரை வாளியால் அள்ளி ஊற்றுவது ஒரு வேலை. கால்வாயில் அடைத்துக் கிடக்கும் குப்பையைத் தேடி எடுப்பது இன்னொரு வேலை. ஆஸ்பத்திரி வாளியோடு நிற்கிறது. தன் வாசலுக்கு வந்த நோயாளியை அது காப்பாற்றும். கால்வாய்க்குப் போவது பொதுச் சுகாதாரம். இன்னும் நோயாளி ஆகாதவரை, தனக்கு நோய் இருப்பதே தெரியாதவரைத் தேடி அது போக வேண்டும். சாதாரண நாட்களில் வாளி வேலைதான் எல்லோர் கண்ணிலும் படும். கால்வாய் வேலை ஒழுங்காக நடந்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காத இடத்துக்கு எந்த நிதியமைச்சரும் காசு ஒதுக்க விரும்புவதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஒருவர் இரண்டு பேருக்குத் தொற்றைக் கொடுக்கிறார், அவர்கள் ஆளுக்கு இரண்டு பேருக்குக் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். பத்துச் சுற்று முடிய அந்தப் பத்தாவது சுற்றில் மட்டும் 1,024 பேர். ஒரு சுற்றுக்கு ஐந்து நாள் என்றால் ஐம்பது நாளில் இது நடந்துவிடும். இப்போது, ஒவ்வொரு சுற்றிலும் பாதிப்பேரை அவர்கள் மற்றவருக்குக் கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துத் தனிமைப்படுத்த முடிகிறது என்று வையுங்கள். சராசரியாக ஒருவர் ஒருவருக்குத்தான் கொடுக்கிறார். பத்தாவது சுற்றிலும் ஒரே ஒரு தொற்றாளர்தான் இருப்பார். இந்த இரண்டு முடிவுகளுக்கும் இடையில் ஆஸ்பத்திரிக் கட்டில்களின் எண்ணிக்கை எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்து நாளுக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும் நோயோடு போட்டி போட்டு எந்த நாடும் கட்டில் போட முடியாது. அதிதீவிர சிகிச்சைக்குத் தேவையான தாதியரை உருவாக்க வருடக்கணக்கு வேண்டும்.

கால்வாய் வேலை கிட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை எங்கள் ஒழுங்கையிலேயே பார்த்தேன். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன் சந்தையில் தொற்றுக் கொத்தணி வெடித்தபோது, கொழும்பில் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் மூடப்பட்டன. எதிர்வீட்டு அண்ணர் அந்தச் சந்தையில் நாட்டாமை வேலை, அதாவது சுமை தூக்கும் வேலை, செய்பவர். அவருக்குப் பொசிட்டிவ் என்றதும் அம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் காலை மோட்டார் சைக்கிளில் ஒரு பி.எச்.ஐ. வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று முழுப்பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை, ஊருக்கெல்லாம் அவர் பி.எச்.ஐ. மாத்தயா (ஐயா)தான். கதவில் ஒரு தாளை ஒட்டினார். பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. அது சிங்களத்தில் மட்டும் இருந்ததால், சிங்களத்தில் படித்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜன்னல் வழியே உரக்க வாசித்துத் தமிழில் சொன்னாள். அப்புறம் அவர் கொப்பியைத் திறந்து கேட்கத் தொடங்கினார். வீட்டில் எத்தனை பேர், யார் எந்தக் கடைக்குப் போனது, பிள்ளைகள் எந்த டியூஷனுக்குப் போகிறார்கள், தண்ணீர்க் குழாய் யாரோடு பொது?

அந்த வீட்டு அக்கா எல்லாம் சொன்னார், ஒன்றைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை புளூமெண்டல் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனதை அவர் சொல்லவில்லை. சொன்னால் தங்கச்சி குடும்பத்தையும் முகாமுக்கு ஏற்றிவிடுவார்களோ என்ற பயம். மூன்றாம் நாள் அதே பி.எச்.ஐ. மறுபடி வந்தார். அந்த வீட்டு ஆச்சியின் பிரஷர் குளிசை முடிந்துவிட்டதென்று முதல் நாள் பேச்சுவாக்கில் சொன்னதை ஞாபகம் வைத்து, கிளினிக்கில் வாங்கி வந்திருந்தார். பையைக் கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்றார். அன்றுதான் அக்கா தங்கச்சி வீட்டைப் பற்றிச் சொன்னார். அங்கே பரிசோதித்ததில் இரண்டு பேருக்குத் தொற்று.

தொடர்பு தேடுதல் என்று பத்திரிகைகள் எழுதியது இதைத்தான். செயலிகளும் கணினியும் உதவும், ஆனால் அந்த இரண்டு பேரையும் பிடித்துக் கொடுத்தது ஒரு குளிசைப் பை.

அந்த மனிதர் எங்களுக்கு 2020இல் கிடைத்தவரும் அல்ல. இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கியது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் மக்களுக்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்களும் மருத்துவமாதுக்களும் என்ற ஏற்பாடு அது. 1934-35இல் மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோன பிறகு அந்த ஏற்பாட்டின் தேவை எல்லோருக்கும் உறைத்தது. 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததற்குப் பின்னால் இருப்பதும் இந்த வீடு வீடாகப் போகும் வேலைதான். இன்று நாடெங்கும் 350க்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகள் உண்டு. கொழும்பு நகரத்துக்குள் இந்த வேலையைச் செய்வது மாநகரசபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். தேசிய வைத்தியசாலை ஒரு நிர்வாகத்தில், கதவைத் தட்டுபவர் இன்னொரு நிர்வாகத்தில். இது பலருக்குத் தெரியாது.

இனி வெளியே போவோம். ஒரே நாட்டுக்குள் இரண்டு விதமாக நடந்தால் ஒப்பிடுவது சுலபம். அப்படி ஒரு வாய்ப்பைத் தந்தது இத்தாலி. இத்தாலிக்கு 1978 முதல் வரிப்பணத்தில் இயங்கும் தேசிய சுகாதார சேவை உண்டு, ஆனால் நடத்துவது மாகாணங்கள். வடக்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாகாணங்கள்: லொம்பார்டி, வெனெட்டோ. இரண்டும் செல்வச் செழிப்பானவை. இரண்டிலும் 2020 பெப்ரவரியில் ஏறத்தாழ ஒரே நாளில் உள்ளூர்ப் பரவல் வெளிப்பட்டது. லொம்பார்டியில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த ஆஸ்பத்திரிகள் சில இருந்தன. அங்கே பல ஆண்டுகளாகத் தனியாரும் அரசும் ஆஸ்பத்திரி நடத்தப் போட்டி போட்டார்கள், காசும் கவனமும் அந்தப் பக்கமே போயின. ஊர் மட்டச் சுகாதார சேவை மெலிந்துபோயிருந்தது. நோய் வந்ததும் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே தொற்று பரவியது, வைத்தியர்களும் தாதியரும் விழுந்தார்கள். பெர்காமோவிலிருந்து சவப்பெட்டிகளை இராணுவ லொறிகள் ஏற்றிப்போன காட்சியை அன்று எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

வெனெட்டோவில் வோ என்று ஒரு சின்ன ஊர், சுமார் 3,300 பேர். இத்தாலியின் முதல் கொரோனா மரணம் பெப்ரவரி 21இல் பதிவானது அந்த ஊரைச் சேர்ந்தவருக்குத்தான். உடனே ஊரை மூடினார்கள். பாதுவா பல்கலைக்கழகத்தின் அந்திரேயா கிரிசாந்தி குழுவினர், நோய்க்குறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரில் ஏறத்தாழ எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள், இரண்டு முறை. தொற்று இருந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அதாவது ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் இவர்களைக் கண்டிருக்கவே முடியாது. வெனெட்டோ இதை மாகாணம் முழுக்கப் பாடமாக எடுத்துக்கொண்டு, ஊர்ச் சுகாதாரப் பணிமனைகள் வழியாகப் பரிசோதனையை விரித்தது. முதல் அலை ஓய்ந்த நேரத்தில் லொம்பார்டியில் 16,000க்கும் மேல் மரணம், வெனெட்டோவில் சுமார் 2,000. லொம்பார்டியின் சனத்தொகை ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மிகப் பெரியது. லொம்பார்டியில் நோய் வெளிப்படும் முன்பே சத்தமில்லாமல் நிறையப் பரவியிருந்தது என்பதும் உண்மை, அதை மறைக்கக்கூடாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அதே வெனெட்டோ அந்த ஆண்டு இறுதியில் வந்த இரண்டாவது அலையில் கடுமையாக அடிபட்டது. ஒரு அலையை வைத்து ஒரு நாட்டுக்குப் புள்ளி போடுபவர்களை நான் நம்புவதில்லை.

தென்கொரியாவும் அமெரிக்காவும் இன்னொரு நல்ல சோடி. இரண்டு நாடுகளிலும் முதல் தொற்றாளர் உறுதியானது 2020 ஜனவரி 20ஐ ஒட்டி. தென்கொரியாவுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 2015இல் மேர்ஸ் வைரஸ் ஒரே ஒரு பயணியோடு வந்து, நெரிசலான ஆஸ்பத்திரிகள் வழியாக 186 பேருக்குத் தொற்றி, 38 பேரைக் கொன்றது. அப்போது பரிசோதனை செய்ய முடியாமல் தடுமாறியதை அவர்கள் மறக்கவில்லை. சட்டத்தை மாற்றினார்கள். அவசரகாலத்தில் தனியார் தயாரிக்கும் பரிசோதனைக் கருவிகளுக்கு உடனடி அனுமதி, தொற்றாளர் போன இடங்களைத் தேடும் அதிகாரம் என்று பல. ஆகவே 2020 ஜனவரி 27இல் சியோல் ரயில் நிலையத்தில் கம்பனிகளைக் கூப்பிட்டுப் பேசினார்கள், பெப்ரவரி 4இல் முதல் கருவிக்கு அனுமதி. அதே மாதம் அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் மாநிலங்களுக்கு அனுப்பிய கருவிகளில் பிழை இருந்தது. மற்ற ஆய்வுகூடங்கள் சொந்தமாகச் செய்ய வழி திறந்தது பெப்ரவரி 29இல்தான். அந்த இடைவெளியில் வைரஸ் யார் கண்ணிலும் படாமல் நகரங்களுக்குள் புகுந்துவிட்டது. நிபுணத்துவத்தில் அமெரிக்கா ஒரு படியும் குறைந்ததல்ல. பல மாதங்கள் கழித்து மிகக் குறுகிய காலத்தில் தடுப்பூசி வந்ததில் அந்த நாட்டின் காசுக்கும் அறிவுக்கும் பெரும் பங்கு உண்டு.

தென்கொரியாவையும் தங்கத் தட்டில் வைக்க வேண்டியதில்லை. அங்கே ஆஸ்பத்திரிகளில் மிகப் பெரும்பாலானவை தனியார். 2020 பெப்ரவரி கடைசியில் தேகு நகரில் தொற்று வெடித்தபோது, பரிசோதனை கிடைத்தது, கட்டில் கிடைக்கவில்லை. காத்திருந்தவர்களில் சிலர் வீட்டிலேயே இறந்தார்கள். பிறகு பயிற்சி விடுதிகளைப் பிடித்து, நோய் கடுமையில்லாதவர்களை அங்கே தங்கவைத்து, ஆஸ்பத்திரியை மூச்சுத் திணறுபவர்களுக்கு ஒதுக்கினார்கள். நம்மூர் இடைத்தங்கல் பராமரிப்பு நிலையங்களும் இதே யோசனைதான்.

கட்டில் கணக்கில் உலகத்தில் முன் வரிசையில் நிற்பது ஜப்பான். ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 13. இருந்தும் கொரோனா நோயாளிக்கு இடமில்லாமல் அம்புலன்ஸ்கள் அலைந்தன, ஏனென்றால் பல கட்டில்கள் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இருந்தன. தொற்றுநோயாளியை எடுக்கச் சொல்லி அவற்றைக் கட்டாயப்படுத்த அரசுக்கு அதிகாரம் குறைவு. ஜேர்மனியில் அதிதீவிர சிகிச்சைக் கட்டில்கள் இலட்சம் பேருக்கு முப்பதுக்கும் மேல், இத்தாலியில் பத்துக்குக் கீழே. அது ஜேர்மனிக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது. ஆனால் அங்கே தொடர்பு தேடியது சுமார் 400 ஊர்ச் சுகாதார அலுவலகங்கள், அவற்றில் பலவற்றுக்கு முடிவுகள் பெக்ஸில் வந்துகொண்டிருந்தன.

சரி, பிரித்தானியாவுக்கு வருவோம். அம்மாவின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: 2020 மார்ச் 12இல் அந்த நாடு ஆஸ்பத்திரிக்கு வெளியே பரிசோதிப்பதையும் தொடர்பு தேடுவதையும் நிறுத்திவிட்டது. தொற்றின் வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் பரிசோதனை வசதியோ ஆட்களோ இருக்கவில்லை. ஊர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுகள் அதற்கு முந்திய பத்தாண்டுகளில் காசு வெட்டப்பட்டு இளைத்திருந்தன. பிறகு மே மாதக் கடைசியில் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு 37 பில்லியன் பவுண் ஒதுக்கினார்கள். வேலையில் பெரும்பகுதி தொலைபேசி நிலையங்களுக்குக் கொடுக்கப்பட்டது. முன்பின் தெரியாத நம்பரிலிருந்து முன்பின் தெரியாத குரல் பேசினால், தங்கச்சி வீட்டுக்குப் போனதை யார் சொல்வார்கள்?

ஆனால் அதே தேசிய சுகாதார சேவை வேறு இரண்டு விஷயங்களில் உலகத்துக்கே வழிகாட்டியது. நாடு முழுக்க ஒரே அமைப்பு என்பதால், மருந்துகளைச் சோதிக்கும் ஒரு பெரிய ஆய்வை நூற்றுக்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் ஒரே நேரத்தில் நடத்த முடிந்தது. டெக்ஸாமெதசோன் என்ற மலிவான பழைய மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று 2020 ஜூனில் அந்த ஆய்வு சொன்னது. கொழும்பை அடுத்த அங்கொடைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரியிலும் சென்னையிலும் வைத்தியர்களின் கைக்கு எட்டும் விலை மருந்து அது. அடுத்தது தடுப்பூசி. அங்கே ஏறத்தாழ ஒவ்வொருவரும் ஒரு குடும்ப வைத்தியரிடம் பதிவு செய்திருப்பார்கள், வயது, நோய் எல்லாம் அந்தப் பதிவில் உண்டு. எனவே 2020 டிசம்பர் 8இல் தொடங்கி மூத்தவர்களிலிருந்து வரிசையாகக் கூப்பிட முடிந்தது. நம்மிடம் அப்படி ஒரு பதிவு இல்லை. கிராம சேவகர் பிரிவு வாரியாகத்தான் கூப்பிட்டார்கள். 2021 பெப்ரவரியில் மேல் மாகாணத்தில் 30 முதல் 60 வயதினருக்கு முன்னுரிமை கொடுத்தபோது, முதியவர்களை ஏன் பின்னால் விட்டீர்கள் என்று வைத்தியர்களே கேட்டார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் டெல்டா அலை வந்து ஒரு நாளில் இருநூறுக்கும் மேல் மரணங்கள் பதிவானபோது, இறந்தவர்களில் பெரும்பாலானோர் அறுபது தாண்டியவர்கள். கதவைத் தட்ட ஆள் இருந்த நாடு, எந்தக் கதவுக்குப் பின்னால் முதியவர் இருக்கிறார் என்ற பட்டியல் இல்லாமல் தடுமாறியது.

அமைப்பின் எல்லைக்குள் யார் இருக்கிறார், யார் வெளியே நிற்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். சிங்கப்பூர் 2020இன் முதல் மூன்று மாதங்கள் உலகமே பாராட்டும்படி நடந்தது. பிறகு ஏப்ரலில் வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தொற்று பற்றிக்கொண்டது. ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர், பொதுக் கழிப்பறை, பொதுச் சமையலறை. சுமார் மூன்று இலட்சம் பேர் அப்படி வாழ்ந்தார்கள், அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏராளம். ஆண்டு முடிவில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது, இளைஞர்கள் என்பதால் மரணம் மிகக் குறைவு. ஆனால் நகரத்தவர்கள் வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் அவர்கள் நீண்ட காலம் விடுதிக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அமெரிக்காவில் இதே எல்லை காப்புறுதி அட்டை வடிவில் வந்தது. 2020 ஏப்ரலில் வேலையின்மை ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்தை எட்டியபோது, நோய் பரவும் அதே நேரத்தில் பலருடைய காப்புறுதியும் வேலையோடு போனது.

கொழும்பில் அந்த எல்லை எங்கே விழுந்தது என்பதை எழுதக் கை நடுங்குகிறது. கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாங்க வர்த்தமானியில் உத்தரவு வந்தது. புதைப்பதால் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் சொல்லியும் 2021 பெப்ரவரி கடைசி வரை அது மாறவில்லை. பிறகு கிழக்கு மாகாணத்தின் ஓட்டமாவடியில் மட்டும் அடக்க விட்டார்கள், கொழும்பிலிருந்து ஜனாஸாவை அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டும். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஏற்பட்ட வேதனையை இந்தக் கட்டுரைக்குள் அடக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க வந்தவராக ஒன்றை மட்டும் சொல்கிறேன். பொதுச் சுகாதாரம் முழுக்க முழுக்க நம்பிக்கையில் ஓடும் வண்டி. ஆஸ்பத்திரிக்குப் போய் இறந்தால் உடம்பை எரித்துவிடுவார்கள் என்று பயந்தவர் காய்ச்சலை மறைப்பார். பி.எச்.ஐ. கேட்கும்போது வாயைத் திறக்க மாட்டார். எங்கள் பகுதியிலேயே அப்படி மறைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ நூறு வருடங்களாகக் கட்டிய கதவு தட்டும் ஏற்பாட்டை ஒரு வர்த்தமானித் தாள் பலவீனப்படுத்தியது. நாளாந்தச் சம்பளக்காரருக்கு ஊரடங்கு நேரத்தில் கொடுத்த 5,000 ரூபாயும் இதே கணக்கில்தான் வரும். சாப்பாட்டுக்கு வழியில்லாதவரை வீட்டுக்குள் இரு என்றால் அவர் பின்வாசலால் போவார்.

கடைசியாக, எண்கள். இணையத்தில் நாடுகளின் மரண எண்ணிக்கையை அடுக்கிப் பார்த்து முடிவுக்கு வருவது மிகச் சுலபம், மிக ஆபத்து. பரிசோதனை குறைந்த நாட்டில் மரணமும் குறைவாகத்தான் தெரியும். பெல்ஜியம், பரிசோதனை செய்யாமல் முதியோர் இல்லங்களில் இறந்தவர்களையும் சந்தேகத்தின் பேரில் கணக்கில் சேர்த்தது, அதனால் பட்டியலில் மேலே நின்றது. பெரு 2021 நடுவில் தன் கணக்கைத் திருத்தியபோது மரண எண்ணிக்கை ஒரே நாளில் சுமார் 69,000 இலிருந்து 180,000க்கு ஏறியது. அந்த ஒரு நாளில் அத்தனை பேர் இறக்கவில்லை, அதுவரை எண்ணாமல் விட்டவர்களை எண்ணினார்கள்.

இதற்கு ஒரு நேர்மையான வழி உண்டு, அதன் பெயர் மிகை மரணம். எந்த நோயால் இறந்தார் என்பதை விட்டுவிடுங்கள். வழக்கமான ஒரு வருடத்தில் ஒரு நாட்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பதை முந்திய வருடங்களைக் கொண்டு கணக்கிடுங்கள். பெருந்தொற்று வருடத்தில் உண்மையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிகை மரணம். கொரோனாவால் இறந்தவரும் அதில் வருவார், ஆஸ்பத்திரி நிரம்பியதால் மாரடைப்புக்குச் சிகிச்சை கிடைக்காமல் இறந்தவரும் வருவார். இந்த முறையில் 2020, 2021 இரண்டு வருடங்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு ஏறத்தாழ ஒரு கோடியே 49 இலட்சம். நாடுகள் தாமாக அறிவித்தது 54 இலட்சம் அளவில்தான். இந்தியாவுக்கு மட்டும் 47 இலட்சம் என்றது அந்தக் கணக்கு, இந்திய அரசு அதை ஏற்கவில்லை. நியூசிலாந்தில் 2020இல் வழக்கத்தை விடவும் குறைவானவர்களே இறந்தார்கள். ஊர் மூடியிருந்ததால் சாதாரண சளிக்காய்ச்சல்கூடப் பரவவில்லை. இந்தக் கணக்குக்கு ஒரு அடிப்படை வேண்டும்: ஒவ்வொரு மரணமும் ஒழுங்காகப் பதியப்பட வேண்டும். இலங்கையில் மரணப் பதிவு பழைய வழக்கம், நல்ல வழக்கம். பல நாடுகளில் அது இல்லை, அங்கே எத்தனை பேர் போனார்கள் என்பது இன்றும் மதிப்பீடுதான்.

சின்னம்மா பிழைத்துக்கொண்டார். வாசனை திரும்ப வர எட்டு மாதம் எடுத்தது, தான் வைத்த குழம்பின் உப்பைப் பார்க்கவே மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார். அவருக்கு வந்தது கொரோனாதானா என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஆகவே 2020 மார்ச்சின் பிரித்தானியத் தொற்றாளர் எண்ணிக்கையில் அவர் இல்லை. அதே ஆண்டு ஒக்டோபர்க் கணக்கில், இருமல்கூட வராத எங்கள் எதிர்வீட்டு அண்ணர் இருக்கிறார்.